பழைய வீட்டு பிளக் பாயிண்டில் எர்த் கோளாறு: அறிகுறியை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி

பழைய வீடுகளில் பிளக் பாயிண்ட் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று, எர்த்தே (கசியும் கரண்ட்டைப் பூமிக்குக் கொண்டுபோகும் ஒயர்) இல்லாத டூ பின் சாக்கெட். தன்னிடம் எர்த் இல்லை என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும். இன்னொன்று, பின்னாளில் யாரோ மாட்டிவிட்டுப் போன திரீ பின் சாக்கெட். மேலே எர்த்துக்கான பெரிய ஓட்டை இருக்கும். அதற்குப் பின்னால் ஒயர் இருக்கிறதா என்பது பிரித்தால்தான் தெரியும். இரண்டில் ஆபத்தானது இந்த இரண்டாவதுதான். அதை நம்பித்தானே பிரிட்ஜையும் வாட்டர் ஹீட்டரையும் சொருகுகிறோம்.

அதனால் வேலையின் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதலில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்), அடுத்து எர்த் ஒயர், கடைசியில் புது சாக்கெட். நடப்பதென்னவோ பெரும்பாலும் தலைகீழாகத்தான். பளபளவென்று புது ப்ளேட் வந்துவிடும், உள்ளே அதே பழைய ஒயர் இரண்டு தொங்கும்.

கீழே சொல்லும் எண்கள் எல்லாம் 230 வோல்ட் சப்ளைக்கும், எர்த் பின் மேலே இருக்கும் திரீ பின் சாக்கெட்டுக்கும் பொருந்துபவை.

அளக்கத் தொடங்கும் முன்

டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்த இடத்தில் ஏதோ வோல்டேஜ் இருக்கிறது. நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) நன்றாக இருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. பக்கத்து ஒயரிலிருந்து தொற்றிய வோல்டேஜுக்கும் அது மினுக்கும். உள்ளே இருக்கும் நியான் கெட்டுப்போயிருந்தால் கரண்ட் உள்ள லைவ் ஒயரில் வைத்தாலும் எரியாது. எனவே "டெஸ்டர் எரியவில்லை, கரண்ட் இல்லை" என்று கையை வைப்பது கூடாது. மெயினை நிறுத்தும் முன் ஒரு முறை, நிறுத்திய பின் ஒரு முறை, அதே கருவியை அதே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் போர்டைக் கழற்ற வேண்டும்.

நமக்குத் தேவையானது ஒரு மல்டிமீட்டர். ஏ.சி. வோல்டேஜில், 600 அல்லது 750 ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் வலது பக்கம் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்), இடது பக்கம் நியூட்ரல், மேலே எர்த். இருக்க வேண்டிய முறை இது. உங்கள் வீட்டில் இப்படித்தான் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பழைய வீட்டில் ஒயரின் நிறத்தையும் நம்பாதீர்கள். கையில் என்ன கலர் சுருள் மிச்சம் இருந்ததோ அதை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

மூன்று அளவு எடுங்கள். வலது–இடது, வலது–மேல், இடது–மேல். எல்லாம் சரியாக இருந்தால் முதல் இரண்டும் 230ஐ ஒட்டி வரும். மூன்றாவது பூஜ்யத்திலிருந்து இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் நிற்கும். வலது–மேல் பூஜ்யம், இடது–மேல் 230 என்றால் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றன. வலது–இடது 230 சரியாக வந்து, மேல் ஓட்டையோடு அளந்தால் மட்டும் 60, 90, 115 என்று ஏதேதோ வருகிறதென்றால் எர்த் எங்கேயும் போய்ச் சேரவில்லை, அந்தரத்தில் தொங்குகிறது.

சில சாக்கெட்டில் ஓட்டைக்குள் ஷட்டர் இருக்கும், எர்த் பின் நுழைந்தால்தான் கீழ் இரண்டும் திறக்கும். மேல் ஓட்டையில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்தித் திறக்கும் பழக்கம் பலருக்கும் உண்டு. விட்டுவிடுங்கள். அதற்கென்றே மூன்று விளக்கு வைத்த சாக்கெட் டெஸ்டர் கிடைக்கிறது, சொருகினால் போதும். ஆனால் அதற்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. கொஞ்சம் பொறுங்கள், அடுத்து வருகிறது.

அறிகுறி: பிரிட்ஜ் கைப்பிடி, கம்ப்யூட்டர் கேபினட் தொட்டால் சுர்ரென்கிறது

பழைய வீட்டில் அதிகம் கேட்கும் புகார் இதுதான். செருப்பு போட்டிருந்தால் தெரியாது. வெறுங்காலோடு, தரை ஈரமாக இருக்கும்போது நன்றாகத் தெரியும்.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் வேறு வேறு. முதலாவது, கருவி கெடவே இல்லை. கம்ப்யூட்டர், டி.வி., இன்வெர்ட்டர் வகைக் கருவிகளின் சப்ளை பகுதியில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸிலிருந்து கருவியின் உலோக உடம்புக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து உடம்புக்கு. எர்த் இருந்தால் அந்த வழியாக வரும் துளி கரண்ட் சத்தமில்லாமல் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு இரண்டுக்கும் நடுவில் தொங்கி, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் நிற்கும். மீட்டரில் வரும் அந்தப் பாதி அளவின் ரகசியம் இதுதான். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் இதுவே எர்த் இல்லை என்பதற்குச் சாட்சி.

இரண்டாவது, உள்ளே ஒயரின் உறை தேய்ந்தோ, ஹீட்டர் காயில் கசிந்தோ பேஸ் உண்மையிலேயே உடம்பைத் தொடுகிறது. இது ஆளைக் கொல்லும். இரண்டையும் கையால் தொட்டு வித்தியாசம் பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. பிளக்கைப் பிடுங்குங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் அதிகபட்ச ரேஞ்சுக்குக் கொண்டுபோய், பிளக்கின் கீழ் பின் ஒவ்வொன்றுக்கும் உடம்பின் வெறும் உலோகத்துக்கும் நடுவே அளங்கள். கருவியின் ஸ்விட்ச் ஆன் நிலையில் இருக்கட்டும். நல்ல கருவியில் மெகா ஓம் கணக்கில் இருக்கும், அல்லது மீட்டரின் எல்லையைத் தாண்டும். சில ஆயிரம் ஓம் என்று காட்டினாலே அது ரிப்பேருக்குப் போக வேண்டியது. பிறகு பிளக்கின் மேல் பின்னுக்கும் உடம்புக்கும் அளங்கள். இது ஒரு ஓமுக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் கருவியின் கார்டிலேயே எர்த் அறுந்திருக்கிறது, அல்லது திரீ பின் பிளக்கில் டூ கோர் ஒயரைப் போட்டிருக்கிறார்கள். அயர்ன் பாக்ஸில் இது சர்வ சாதாரணம்.

கருவி சரி, சாக்கெட்டில்தான் எர்த் தொங்குகிறது என்றால் மெயினை நிறுத்திவிட்டு போர்டைக் கழற்றிப் பாருங்கள். மூன்றில் ஒன்றைக் காண்பீர்கள். எர்த் ஸ்க்ரூவில் ஒன்றுமே இல்லை. அல்லது பச்சை ஒயர் வந்து, முனை பச்சை பூத்து, ஸ்க்ரூவிலிருந்து நழுவிக் கிடக்கிறது. அல்லது ஒயர் ஒழுங்காக ஸ்க்ரூவில் இருக்கிறது, ஆனால் மெயின் போர்டு வரை போகவில்லை.

மூன்றாவதுதான் மிக மோசமானது. பத்து பிளக் பாயிண்டும் ஒரே எர்த் ஒயரில் கோக்கப்பட்டு, அந்த ஒயரின் மறுமுனை எங்கும் போய்ச் சேராமல் நிற்கிறது என்று வையுங்கள். குளியலறை ஹீட்டரில் பேஸ் உடம்பைத் தொட்டால், அந்த 230 வோல்ட் எர்த் ஒயர் வழியாகவே பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றின் உடம்புக்கும் போய்விடும். பழுது ஒரு கருவியில், ஷாக் வீடு முழுக்க. எர்த்தே இழுக்காத வீட்டில் அந்த ஒரு ஹீட்டரோடாவது நின்றிருக்கும்.

அறிகுறி: சாக்கெட் டெஸ்டர் "சரி" என்கிறது, ஆனால் பழைய டூ பின் வீட்டில் அது எப்படிச் சரியாகும்?

இந்தச் சந்தேகம் வர வேண்டும், வந்தால் நல்லது. எர்த் ஒயரே இழுக்காத வீட்டில் டெஸ்டர் விளக்குகள் ஒழுங்காக எரிகின்றனவென்றால், யாரோ சாக்கெட்டுக்குப் பின்னால் நியூட்ரல் ஸ்க்ரூவிலிருந்து எர்த் ஸ்க்ரூவுக்கு அரை விரல் நீளத்தில் ஒரு ஒயர்த் துண்டை லூப் அடித்திருக்கிறார்கள். மூன்று விளக்கு டெஸ்டருக்கு நியூட்ரலும் எர்த்தும் ஒன்றுபோலத்தான் தெரியும், அதனால் ஏமாந்துவிடும். முன்னால் சொன்ன குருட்டுப் புள்ளி இதுதான்.

சிலர் இதைச் சாமர்த்தியம் என்று சொல்லிச் செய்கிறார்கள். "நியூட்ரலும் கடைசியில் பூமிக்குத்தானே போகுது, சார்." போகிறதுதான், நியூட்ரல் ஒயர் அறுபடாத வரை. எங்காவது நியூட்ரல் ஒரு ஸ்க்ரூவில் லூஸ் ஆகி விட்டுப்போனால், சொருகியிருக்கும் கருவியின் உள்வழியாகப் பேஸ் நியூட்ரல் பக்கம் வந்து, லூப் வழியாகக் கருவியின் உடம்பில் ஏறி நிற்கும். கருவி ஓடாது, உடம்பு மட்டும் லைவ். "ஓடலையே, என்ன ஆச்சு" என்று கையை வைக்கும் நேரம் அது. டூ பின் சாக்கெட்டில் இந்த ஆபத்துகூடக் கிடையாது.

கண்டுபிடிக்க ஒரு வழி. அதே போர்டில் அயர்ன் பாக்ஸ் போல 1,000 வாட் லோடு ஒன்றை ஓடவிட்டு, பக்கத்து சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளங்கள். நியூட்ரல் ஒயரில் 4 ஆம்பியருக்கு மேல் கரண்ட் போகும்போது ஒயரின் எதிர்ப்பால் அரை வோல்ட், ஒரு வோல்ட் எழும்பும்; எர்த் ஒயரில் கரண்ட் இல்லாததால் அங்கே எழும்பாது. எனவே லோடு போட்டால் அளவு கொஞ்சம் ஏறுவதுதான் ஆரோக்கியம். லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 0.0 என்று அசையாமல் நிற்கிறதென்றால் போர்டைக் கழற்றுங்கள், லூப் அங்கேயே இருக்கும். வெட்டி எறிந்துவிட்டு, எர்த் வரும்வரை அந்தச் சாக்கெட்டின் மேல் "எர்த் இல்லை" என்று ஒரு ஸ்டிக்கராவது ஒட்டுங்கள்.

தண்ணீர்க் குழாயில் எர்த் எடுத்திருப்பதும் இந்த ரகம்தான். இரும்புக் குழாய் பூமிக்குள் போன காலத்தில் அது ஓரளவு வேலை செய்தது. நடுவில் ஒரு துண்டு பி.வி.சி. மாற்றியதும் எர்த் போய்விட்டது. குழாய் மட்டும் ஒயரோடு இருக்கிறது. பழுது வந்தால் லைவ் ஆவது குளியலறைக் குழாய்தான். ஜன்னல் கம்பியில் எடுத்த எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி: மீட்டரில் எர்த் சரி, லோடு போட்டால் சரியில்லை

மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது. துருப்பிடித்து ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் எர்த் ஒயரிலும் அது 230 காட்டும். அந்த இழை நிஜமான பழுதுக் கரண்ட்டைத் தாங்குமா என்பது வேறு கேள்வி. எலெக்ட்ரீஷியன்கள் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்பது அதற்காகத்தான். நியூட்ரலில் எரிவது போலவே பிரகாசமாக எரிந்தால் பாதை நல்லது. மங்கினால் பாதையில் எதிர்ப்பு இருக்கிறது. ஆனால் இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். எர்த் பாதை அறுந்திருந்தால், சோதிக்கும் அந்த நொடியில் பல்ப் வழியாக 230 வோல்ட் எர்த் ஒயரில் ஏறும். பக்கத்து அறையில் யாராவது பிரிட்ஜைத் திறந்துகொண்டிருக்கலாம். எர்த் பாதையின் எதிர்ப்பை அளக்கும் லூப் டெஸ்டர் என்ற கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, எத்தனை ஓம் என்று எண்ணாகவே கேளுங்கள்.

அந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டால் பழைய வீட்டு எர்த்தின் மொத்தக் கதையும் விளங்கிவிடும். வீட்டுக்கென்று தனியாக எர்த் பிட் (எர்த் கம்பியைப் புதைக்கும் குழி) தோண்டியிருக்கிறீர்கள், பாதையின் எதிர்ப்பு 10 ஓம் என்று வையுங்கள். கேட்க நல்ல எண்தான். பேஸ் கருவியின் உடம்பைத் தொட்டால் 230ஐ 10ஆல் வகுக்க 23 ஆம்பியர் பூமிக்குள் போகும். அந்த சர்க்யூட்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்) இருக்கிறது, உடனே விழுந்துவிடும் என்றுதானே நினைப்போம்? விழாது. 'சி' வகை எம்.சி.பி. உடனடியாக விழ, அதன் அளவைப் போல 5 முதல் 10 மடங்கு வேண்டும், அதாவது 80 முதல் 160 ஆம்பியர். 23 ஆம்பியரில் அது சூடேறி மெதுவாகத்தான் விழும். தயாரிப்பு விதிப்படி 1.45 மடங்கு கரண்ட்டில் ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பிரிட்ஜின் உடம்பு லைவ். பழைய கட்டை ப்யூஸில், அதுவும் தடிப்பான கம்பி கட்டியிருந்தால், கேட்கவே வேண்டாம்.

இப்போது அதே இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதென்று வையுங்கள். போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் ஒன்றுதானா என்று மட்டுமே அது பார்க்கும். 0.03 ஆம்பியர் வித்தியாசம் வந்தால் 0.3 நொடிக்குள் விழ வேண்டும். அதைப் போல ஐந்து மடங்கு என்றால் 0.04 நொடிக்குள். எர்த் பாதை 10 ஓம் அல்ல, 500 ஓமாக இருந்தாலும் 230ஐ 500ஆல் வகுக்க 0.46 ஆம்பியர், விழுவதற்கு ஏராளம். சுமாரான எர்த்தைக்கூட உயிர் காக்கும் எர்த்தாக மாற்றுவது இதுதான். அதற்காக 500 ஓம் போதும் என்று விட்டுவிடாதீர்கள்; ஆர்.சி.சி.பி.யும் ஒரு மெஷின்தான், ஒருநாள் மக்கர் பண்ணும்.

எர்த்தே இல்லாவிட்டால்? அப்போதும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும், ஆனால் உங்கள் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகு. சுருக்கென்று அடித்துவிட்டு விழும். எர்த் இருந்தால் கருவியைச் சொருகிய நொடியே, யாரும் தொடும் முன்பே விழும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் சுவரை உடைத்து எர்த் இழுக்க மாதக்கணக்கில் ஆகுமென்றால் இன்றைக்கே ஆர்.சி.சி.பி.யை மாட்டிவிடுங்கள். ஒரே நேரத்தில் பேஸையும் நியூட்ரலையும் தொட்டால் அது காப்பாற்றாது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஓவர்லோடுக்கும் அது விழாது, எம்.சி.பி. தனியாக வேண்டும், அல்லது இரண்டும் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. போடலாம்.

இன்னொன்று. ஆர்.சி.சி.பி.யில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது, அதனால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். டெஸ்ட் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை; உள்ளுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக வித்தியாசத்தை உண்டாக்கிக்கொள்கிறது. அது சோதிப்பது தன் மெக்கானிசத்தை மட்டும்.

அறிகுறி: ஆர்.சி.சி.பி. மாட்டிய நாளிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது

"இது தொல்லை, எடுத்துடுங்க" என்று சொல்லும் முன் ஒன்றை யோசியுங்கள். இத்தனை நாளும் இந்தக் கசிவு இருந்தது, சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எல்லா பிளக்கையும் பிடுங்குங்கள், எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள், ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதில் விழுகிறதோ அந்த சர்க்யூட்டில்தான் கோளாறு. எல்லாவற்றையும் ஏற்றியும் விழவில்லையென்றால் கருவிகளைச் சொருகிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் வாட்டர் ஹீட்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் என்று சூடாக்கும் கருவி எதிலாவது மாட்டும்.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே விழுகிறதா? குழம்ப வேண்டாம். சாதாரண எம்.சி.பி. பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எப்போதும் சேர்ந்தேதான் இருக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. மேலே சொன்ன லூப் அடித்த சாக்கெட் ஒன்று மிச்சம் இருக்கலாம்; அல்லது ஈரச் சுவரில் உறை கழன்ற நியூட்ரல். மெயினை நிறுத்திவிட்டு, நியூட்ரல் பட்டியிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி எது என்று பிடிக்க வேண்டும். இது எலெக்ட்ரீஷியன் வேலை.

ஒரு அறையின் லைட்டைப் போட்டால் மட்டும் விழுகிறதென்றால், அந்த லைட்டின் நியூட்ரலை வேறு சர்க்யூட்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். பேஸ் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிறது, நியூட்ரல் வேறு வழியில் திரும்புகிறது. பழைய வீடுகளில், அதுவும் மாடிப்படி லைட்டில், இது நிறைய. கசிவே இல்லை, ஆனால் கணக்கு இடிக்கிறது. நியூட்ரலை அதன் சொந்த சர்க்யூட்டுக்கு மாற்றினால் தீர்ந்தது.

மழை பெய்தால் மட்டும் விழுகிறதா? வெளிச்சுவர் லைட்டையும் மொட்டை மாடி மோட்டார் ஒயரையும் முதலில் பாருங்கள்.

அறிகுறி: வீடே இருட்டு, ஆனால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது

நியூட்ரல் அறுந்திருக்கிறது. ஆன் செய்து வைத்திருக்கும் ஏதோ ஒரு கருவி வழியாகப் பேஸ் நியூட்ரல் பக்கத்துக்கு வந்து நிற்கிறது. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு ஓட்டையில் மட்டும் எரியும்.

பழைய மெயின் போர்டில் பேஸுக்கு ஒரு கட்டை ப்யூஸ், நியூட்ரலுக்கு ஒரு கட்டை ப்யூஸ் என்று இரண்டு இருக்கும். நியூட்ரல் ப்யூஸ் போனால் இதே கதைதான். விளக்கு எரியாததால் கரண்ட் இல்லை என்று நினைத்து ஹோல்டரில் கை வைப்பார்கள், அங்கே 230 காத்திருக்கும். நியூட்ரலில் ப்யூஸ் இருக்கவே கூடாது. அந்த இடத்தில் நேரடி லிங்க் போட வேண்டும். போர்டை மாற்றும்போது இதை மறக்காமல் கேளுங்கள்.

அறிகுறி: ஒரு அறையில் பல்ப் கண்ணைக் கூசுகிறது, இன்னொன்றில் மங்குகிறது

த்ரீ பேஸ் சப்ளை உள்ள வீட்டில் பொது நியூட்ரல் விட்டுப்போனால் இப்படி ஆகும். லோடு குறைவான பேஸில் வோல்டேஜ் 300ஐத் தாண்டலாம். அளந்துகொண்டு நிற்காதீர்கள், மெயினை இறக்குங்கள், பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி: சாக்கெட் சூடாகிறது, பழுப்பு ஏறுகிறது, கருகல் வாடை

எர்த்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; ஆனால் பழைய சாக்கெட்டை மாற்ற முதல் காரணம் இதுதான். உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு தளர்ந்து பின்னை இறுக்கிப் பிடிக்காமல் போயிருக்கும், அல்லது ஒயர் ஸ்க்ரூ லூஸ். அந்த இடத்தில் எதிர்ப்பு 0.1 ஓம் மட்டுமே என்று வைத்தாலும், 16 ஆம்பியர் போகும்போது 16 × 16 × 0.1, அதாவது 25.6 வாட் வெப்பம் அங்கே உருவாகும். ஒரு சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் ஆன் செய்து வைத்தது போல. எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, கரண்ட் அளவு மீறவில்லையே.

பிளக்கைப் பிடுங்கும்போது கெட்டியாக வர வேண்டும். தானாகக் கழன்று விழும் சாக்கெட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிச் சரிசெய்வதெல்லாம் ஒரு வாரத்துக்கு, தூக்கிப் போடுங்கள். கருகிய சாக்கெட்டை மாற்றும்போது ஒயரின் முனையையும் பாருங்கள். செம்பு கறுத்து, உறை முறுகியிருந்தால் நல்ல இடம் வரை வெட்டிவிட்டு இணைக்க வேண்டும். அலுமினிய ஒயராக இருந்தால் (வெள்ளையாக, மெத்தென்று வளையும்) ஸ்க்ரூவை இறுக்கிப் பயனில்லை. அது நாளடைவில் நசுங்கித் தளரும், மேலே ஆக்சைடு படியும். செம்போடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும். அந்த சர்க்யூட்டின் ஒயரையே மாற்றுங்கள்.

அறிகுறி: ஸ்விட்சை அணைத்தாலும் எல்.ஈ.டி. லேசாக மினுக்குகிறது

ஸ்விட்சில் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாக வரும் துளி கரண்ட்டே காரணமாக இருக்கலாம், அது பாதகமில்லை. இண்டிகேட்டர் இல்லாத ஸ்விட்ச் என்றால், ஸ்விட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியிருந்தால் அணைத்த பிறகும் ஹோல்டர் லைவ்.

மாற்றும் வேலை

சாக்கெட்டை மட்டும் மாற்றலாமா, ஒயரையே மாற்ற வேண்டுமா என்பதை ஒயரின் உறைதான் முடிவு செய்யும். ஸ்விட்ச் போர்டுக்குள் ஒயரை லேசாக வளைத்துப் பாருங்கள். மரப்பட்டிக்குள்ளும் ரீப்பரின் மேலும் ஓடும் பழைய ரப்பர் ஒயர் வளைத்தாலே பொடிப்பொடியாக உதிரும். அதைத் தொடாதவரைதான் அது ஒயர். புது சாக்கெட்டுக்காக இழுத்து வளைத்தால் கோளாறை நீங்களே உண்டாக்குகிறீர்கள். முழுசாக மாற்றுங்கள்.

பி.வி.சி. ஒயர், உறை நன்றாக இருக்கிறது, எர்த் மட்டும் இல்லை என்றால் ஒயர் ஓடும் குழாய் வழியாக ஒரு பச்சை ஒயரைக் கூடுதலாக இழுத்துவிடலாம். பழைய அளவில் 3/20 (20 கேஜ் கம்பி மூன்று) என்பது கிட்டத்தட்ட 2 சதுர மில்லிமீட்டர், 1/18 என்பது 1.2க்குச் சற்றுக் குறைவு. 1/18 ஒயரில் 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டியிருப்பதைப் பார்த்தால் எர்த்தைப் பற்றிப் பேசும் முன் அதை மாற்றுங்கள். 16 ஆம்பியருக்குக் குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர் வேண்டும். வீட்டு ஒயர் அளவுகளில் எர்த் ஒயரும் பேஸ் ஒயரும் ஒரே தடிமனாக இருப்பதுதான் விதி. குழாயில் இடமில்லையென்றால் சுவரின் மேல் பி.வி.சி. கேசிங் ஓட்டுங்கள். பார்க்க அழகில்லைதான்.

எர்த் ஒயர் ஒவ்வொரு போர்டிலிருந்தும் மெயின் போர்டின் எர்த் பட்டிக்கு வர வேண்டும். அங்கிருந்து ஒரு தடித்த ஒயர் எர்த் பிட்டுக்கு, அல்லது சப்ளை தருபவர் எர்த் முனை தந்திருந்தால் அதற்கு. ஒரு அறைக்கென்று தனியாக ஒரு கம்பியை நட்டு அந்த அறை சாக்கெட்டுக்கு மட்டும் எர்த் கொடுப்பது வேண்டாம். பழுது வரும்போது இரண்டு எர்த்துக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் வரும். ஒரு கையில் இந்த அறைக் கருவி, மறு கையில் அந்த அறைக் கருவி என்று ஆகிவிடும். எத்தனை பிட் இருந்தாலும் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும்.

எர்த் இழுக்கவே வழியில்லாத பாயிண்ட் ஒன்றிரண்டு மிச்சமிருந்தால், அதில் டூ பின் சாக்கெட்டையே புதிதாக மாட்டி, ஆர்.சி.சி.பி.க்குக் கீழே கொண்டுவாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள கருவிகளுக்கு எர்த் தேவையில்லை. செல்போன் சார்ஜர், டேபிள் லேம்ப் போன்றவற்றுக்கு அது போதும். திரீ பின் பிளக்கை டூ பின்னாக்கும் அடாப்டரை மட்டும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

வேலை முடிந்ததும், கரண்ட் கொடுக்கும் முன்பே இரண்டு சோதனை. ஒன்று, எர்த் பட்டியிலிருந்து ஒவ்வொரு சாக்கெட்டின் மேல் ஓட்டை வரை ஓம் பார்ப்பது. ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும், அசைத்தால் அளவு குதிக்கக் கூடாது. இரண்டாவது மெக்கர் டெஸ்ட் (ஒயர் உறையின் எதிர்ப்பை அளப்பது): எல்லாக் கருவிகளையும் எல்.ஈ.டி. விளக்குகளையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் டி.சி.யில் பேஸும் நியூட்ரலும் எர்த்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று பார்ப்பது. ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ உறை போயிருக்கிறது. கரண்ட் கொடுத்த பிறகு முதலில் சொன்ன மூன்று அளவையும் ஒவ்வொரு சாக்கெட்டிலும் எடுங்கள், லூப் டெஸ்டர் எண்ணைப் போர்டின் கதவுக்குள் எழுதி ஒட்டச் சொல்லுங்கள், ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். எர்த் பிட்டின் ஓம் அளவை மழைக்காலத்தில் எடுத்தால் எப்போதும் நன்றாகத்தான் வரும். மண் வறண்டு கிடக்கும் மாதத்தில் எடுத்து, அந்த எண்ணைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.